ஆனிங் பாதியில் சிக்கி நின்றால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொட்டைமாடி, பால்கனி, கடைவாசல் ஆகிய இடங்களில் மாட்டும் மடக்கு ஆனிங் (வெயில் மறைக்கும் துணிக்கூரை) பற்றிய பக்கம் இது. மேலே ஓர் உருளைக் குழாய், அதில் சுற்றிய துணி, துணியின் முனையில் ஒரு முன்பட்டை, அதைத் தாங்கும் இரண்டு மடக்குக் கைகள் என்று இருக்கும் வகை. கைப்பிடியால் சுற்றுவதும் மோட்டாரில் ஓடுவதும் இதில் அடங்கும்.

எதையும் தொடுவதற்கு முன் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

ஆனிங் கைகளுக்குள் பலமான ஸ்பிரிங் இருக்கிறது. அது இரவு பகலாக முன்பட்டையை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதை இழுத்துப் பிடித்து வைத்திருப்பது துணி மட்டும்தான். ஆனிங் மூடியிருக்கும்போதுதான் ஸ்பிரிங்கின் இறுக்கம் உச்சத்தில் இருக்கும்.

அதனால் மூடிய ஆனிங்கில் துணியை வெட்டினாலோ, கையை முன்பட்டையோடு இணைக்கும் திருகைக் கழற்றினாலோ, குழாயைத் தாங்கும் பிராக்கெட்டைத் தளர்த்தினாலோ கை கண்ணிமைக்கும் நேரத்தில் விரிந்து அடிக்கும். எலும்பு முறியும் அளவுக்கு அடிக்கும். ஏணியில் நிற்பவரைக் கீழே தள்ளிவிடும். எந்தப் பாகத்தைக் கழற்றுவதாக இருந்தாலும், முதலில் மடங்கிய கையின் இரு பகுதிகளையும் சேர்த்து ராட்செட் பெல்ட்டால் (இழுத்து இறுக்கும் பூட்டுள்ள பட்டை) இரண்டு இடங்களில் இறுகக் கட்ட வேண்டும். இரண்டு கைகளுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். பிளாஸ்டிக் கயிறு இதற்குப் போதாது.

பழுது எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மேலே சொன்ன ஸ்பிரிங்தான் இதற்கும் விடை. விரிக்கும்போது மோட்டாருக்குப் பெரிய வேலை இல்லை. துணியை விட்டுக்கொடுத்தால் போதும், ஸ்பிரிங் தானாகத் தள்ளிக்கொண்டு போகும். மூடும்போதுதான் அந்த ஸ்பிரிங்கை எதிர்த்து மோட்டாரோ கைப்பிடியோ இழுக்க வேண்டியிருக்கிறது.

விரிகிறது, ஆனால் மூடவில்லை என்றால் முதலில் இழுக்கும் பக்கத்தைப் பாருங்கள்: மின்சாரம், மோட்டார், கெப்பாசிட்டர், கியர் பெட்டி. மூடுகிறது, ஆனால் விரியவில்லை என்றால் கைகள், மூட்டுகள், துணி, காற்று சென்சார் ஆகியவற்றைப் பாருங்கள். இரண்டு பக்கமும் அசைவே இல்லை என்றால் பெரும்பாலும் மின்சாரம் வரவில்லை, அல்லது மோட்டார் சூடாகித் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது.

ஓடிக்கொண்டிருந்த மோட்டார் திடீரென்று நின்றுவிட்டது. சுவிட்சைப் போட்டாலும் சத்தமே இல்லை. எரிந்துவிட்டதா?

எரிந்திருக்க வாய்ப்பு குறைவு. குழாய்க்குள் இருக்கும் மோட்டார் விட்டுவிட்டு ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. பெரும்பாலானவற்றில் தொடர்ந்து ஓடும் நேரம் 4 நிமிடம் என்று அதன் லேபிளிலேயே போட்டிருக்கும். அதைத் தாண்டினால் உள்ளிருக்கும் வெப்பப் பாதுகாப்பு துண்டித்துவிடும். 3 மீட்டர் நீளும் ஆனிங் ஒருமுறை முழுக்க விரிய ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். புதிதாக மாட்டிய அன்று வீட்டில் எல்லாரும் மாற்றி மாற்றி இயக்கிப் பார்த்தால் நாலைந்து தடவையில் இந்த எல்லை வந்துவிடும்.

சுவிட்சை அணைத்துவிட்டு 20 நிமிடம் விடுங்கள். மூடிய ஆனிங் அடங்கும் பெட்டி சித்திரை வெயிலில் காய்ந்திருந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். இடையிடையே சுவிட்சைத் தட்டிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் சூடு கூடும்.

ஆறிய பிறகும் ஓடவில்லை என்றால் எம்.சி.பி. (மின்சுமை கூடினால் துண்டிக்கும் சுவிட்ச்), ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். மழைக்குப் பிறகு ஆர்.சி.சி.பி. விழுந்திருந்தால் வெளிப்புற ஜங்ஷன் பாக்ஸில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். அதை உலர்த்தி, மூடி, ஒயர் கீழ்ப்பக்கமாக வளைந்து நுழையும்படி மாற்றிய பிறகே மறுபடி மின்சாரம் கொடுக்க வேண்டும். ஆர்.சி.சி.பி. தொல்லை தருகிறது என்று அதைத் தாண்டி இணைப்புக் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ஈரமான அலுமினியச் சட்டத்தைக் கையால் தொடுகிற இடத்தில் அது உயிருக்கே ஆபத்து.

மோட்டார் 'உம்'மென்று முனகுகிறது, ஆனால் சுற்றவில்லை. ஏன்?

மூன்று காரணங்கள் இருக்கலாம். அடிக்கடி வருவது வோல்டேஜ் குறைவு. மோட்டாரின் இழுவிசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் இழுவிசை ஏறத்தாழ 60 சதவீதமாகிவிடும். காலையில் ஒழுங்காக மூடிய ஆனிங், தெருவில் எல்லா ஏ.சி.யும் ஓடுகிற இரவு 8 மணிக்கு முனகிக்கொண்டு நிற்பது இதனால்தான். மல்டிமீட்டரை வைத்து, மோட்டார் ஓடும்போதே அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது 220 காட்டி, ஓடும்போது 190-க்கு இறங்கினால் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது ஒயர் மெல்லியது.

இரண்டாவது, கெப்பாசிட்டர் பலவீனமாவது. சீலிங் ஃபேனில் நடப்பதேதான் இங்கும். விரிக்கும்போது ஸ்பிரிங் உதவுவதால் ஓடிவிடும், மூடும்போது நின்றுவிடும். பல மோட்டார்களில் கெப்பாசிட்டர் குழாயின் தலைப்பகுதிக்குள்ளேயே இருப்பதால் மோட்டாரை வெளியே எடுத்தால்தான் மாற்ற முடியும். மாற்றும்போது பழையதில் அச்சிட்ட அதே மைக்ரோஃபாரட் அளவையே போட வேண்டும். 'கொஞ்சம் பெரிதாகப் போட்டால் பவர் கூடும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மோட்டாரின் கம்பிச்சுருள் (காயில்) சூடாகிக் கருகும்.

மூன்றாவது, கைமூட்டில் உண்மையான தடை. குளவிக்கூடு, அணில் கொண்டுவந்து அடைத்த தேங்காய் நார், ஆனிங் கையின் முழங்கைக்குள் (நடுமூட்டுக்குள்) விழுந்த சுள்ளி என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். மழைக்காலம் முழுக்க மூடியே கிடந்த ஆனிங்கை முதல்முறை விரிக்கும் முன் டார்ச் அடித்து இரண்டு முழங்கைகளையும் பெட்டியின் இரு ஓரங்களையும் பார்த்துவிடுவது நல்லது. குளவி இருந்தால் பகலில் கை வைக்க வேண்டாம்.

இரண்டு சாதாரண சுவிட்ச் வைத்து, ஒன்று விரிக்க, ஒன்று மூட என்று எலக்ட்ரீஷியன் மாட்டியிருக்கிறார். சரிதானா?

சரியில்லை. நாம் பார்க்கும் மோட்டார் பழுதுகளில் கணிசமானவை இந்த இணைப்பிலிருந்தே வருகின்றன. நான்கு ஒயர் மோட்டாரில் நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த், பழுப்பும் கறுப்பும் இரண்டு திசைகள். இரண்டு திசைக்கும் ஒரே நேரத்தில் ஃபேஸ் போகவே கூடாது. தனித்தனி சுவிட்ச் என்றால், ஒன்று போட்டிருப்பதை மறந்து மற்றதைப் போடுவது ஒருநாள் நடந்தே தீரும். மோட்டார் முனகும், கெப்பாசிட்டர் அடிவாங்கும். ஒன்றை அழுத்தினால் மற்றது தானாக விலகும் இன்டர்லாக் சுவிட்ச் வேண்டும்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆனிங் இருந்தால் இரண்டு மோட்டாரையும் ஒரே சுவிட்சில் சேர்த்துக் கட்டுவதும் தவறு. ஒன்று லிமிட்டில் (மோட்டார் தானாக நிற்கும்படி அமைத்த எல்லையில்) நின்ற பிறகும் மற்றதன் கம்பிச்சுருள் வழியாக மின்சாரம் திரும்பி வந்து, நின்றதை எதிர்த்திசைக்கு அசைக்கும். நாளடைவில் இரண்டின் லிமிட்டும் குழம்பி, துணி கிழியும்.

சுவரிலுள்ள சுவிட்சில் ஓடுகிறது, ரிமோட்டில் ஓடவில்லை. அல்லது மூடுகிறது, விரிய மறுக்கிறது.

முதலில் ரிமோட் பேட்டரி. விளக்கு எரிவதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்; பலவீனமான பேட்டரியிலும் விளக்கு எரியும், சிக்னல் மட்டும் எட்டாது. ஆனிங்குக்கு நேர் கீழே நின்று அழுத்தினால் வேலை செய்து, அறைக்குள்ளிருந்து செய்யாவிட்டால் பேட்டரியை மாற்றுங்கள்.

மூடும், ஆனால் விரியாது என்றால் காற்று சென்சாரைச் சந்தேகப்படுங்கள். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் காற்று அடித்தால் அது ஆனிங்கை மூடச் சொல்லும். காற்று அடங்கிய பிறகும் சில நிமிடங்கள் விரிக்கும் கட்டளையை ஏற்க விடாது. இது பழுதில்லை, பொறுத்திருந்தால் போதும். காற்றே இல்லாத நாளிலும் விரித்த ஆனிங் தானாக மூடிக்கொண்டே இருந்தால் சென்சாரின் பேட்டரி தீர்ந்திருக்கலாம். சென்சாரிடமிருந்து செய்தி வராவிட்டால் ஆபத்து என்று எடுத்துக்கொண்டு மூடும்படி பல மோட்டார்களை அமைத்திருப்பார்கள். முன்பட்டையில் ஒட்டும் அதிர்வு சென்சார் என்றால், அதன் உணர்திறனை மிக நுட்பமாக வைத்திருந்தாலும் ஆனிங் விரியும் குலுங்கலையே காற்று என்று நினைத்துக்கொள்ளும். ஒரு படி குறைத்து வையுங்கள்.

கைப்பிடி ஆனிங். மூடும் பக்கம் சுற்றினால் விரிகிறது, விரிக்கும் பக்கம் சுற்றினால் மூடுகிறது. துணியும் தொங்குகிறது. என்ன ஆனது?

துணி தலைகீழாகச் சுற்றிக்கொண்டது. பார்க்கப் பெரிய பழுதுபோலத் தெரியும். 10 நிமிட வேலைதான். துணி எப்போதும் குழாயின் மேல்பக்கத்திலிருந்து இறங்கி முன்பட்டைக்கு வர வேண்டும். முழுக்க விரிந்த பிறகும் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தால், துணி தீர்ந்து, குழாய் மேலும் சுழன்று, அடிப்பக்கமாகச் சுற்றத் தொடங்கும். பிறகு எல்லாமே எதிர்மாறாகிவிடும். இந்த நிலையில் மூடினால் துணி பிராக்கெட்டில் உரசிக் கிழியும். முன்பட்டை பெட்டிக்குள் உட்காரவும் செய்யாது.

சரிசெய்ய, ஆனிங் விரியும் பக்கமாகவே (இப்போது அது வழக்கமான மூடும் திசையாக இருக்கும்) சுற்றுங்கள். முழுக்க விரிந்து, துணி அடிப்பக்கத்திலிருந்து அவிழ்ந்து, குழாயிலுள்ள காடி (துணியின் ஓரம் செருகியிருக்கும் பள்ளம்) தெரியும். நிறுத்தாமல் அதே திசையில் தொடருங்கள். துணி மேல்பக்கமாக ஏறிச் சுற்றத் தொடங்கும். ஒருவர் கீழே நின்று துணியின் நடுப்பகுதியை அகலமான துடைப்பத்தால் லேசாகத் தூக்கிப் பிடித்தால் சுருக்கம் விழாமல் ஏறும்.

இனி இப்படி ஆகாமலிருக்க, துணி இறுக்கமாக இருக்கும்போதே நிறுத்தப் பழகுங்கள். துணி தொய்யத் தொடங்கினால் அளவு தாண்டிவிட்டது என்று பொருள்; ஒன்றிரண்டு சுற்று திருப்பி இறுக்குங்கள். மோட்டாரில் இது நடந்திருந்தால் விரியும் லிமிட் நகர்ந்திருக்கிறது. அவிழ்த்துச் சரியாகச் சுற்றவைத்த கையோடு லிமிட்டையும் திருத்தாவிட்டால் மறுநாளே திரும்ப நடக்கும்.

கைப்பிடி லேசாகச் சுற்றுகிறது, ஆனிங் அசையவில்லை.

கொக்கி வளையத்தில் சரியாக மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாட்டியிருந்தும் இப்படி என்றால், ஆனிங் இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்பதை வைத்துச் சொல்லிவிடலாம். கியர் பெட்டிக்குள் இருப்பது புழுப்பற்சக்கரம். கைப்பிடியிலிருந்து குழாயைச் சுற்றலாம், குழாயிலிருந்து கைப்பிடியைச் சுற்ற முடியாது. அதனால்தான் ஆனிங் நிறுத்திய இடத்தில் நிற்கிறது. ஆனிங் பாதியில் அப்படியே நின்றுகொண்டிருந்தால் பற்கள் நன்றாக இருக்கின்றன, வளையத்தை அச்சோடு இணைக்கும் பின் மட்டும் உடைந்திருக்கிறது. ஆனிங் தானாக முழுக்க விரிந்துவிட்டது என்றால் பற்கள் தேய்ந்து வழுக்கிவிட்டன, அல்லது கியர் அச்சு குழாயிலிருந்து விலகிவிட்டது. முன்னது சின்ன வேலை. பின்னதற்குக் கியர் பெட்டியையே மாற்ற வேண்டும், கைகளைக் கட்டிய பிறகு.

கியர் பெட்டி வாங்கும்போது விகிதத்தைப் பாருங்கள். 11:1 என்றால், அதாவது கைப்பிடியை 11 தடவை சுற்றினால் குழாய் ஒரு தடவை சுற்றும் என்றால், 3 மீட்டர் நீளும் ஆனிங்கை மூட ஏறத்தாழ 130 சுற்று ஆகும். 7:1 விரைவாக முடியும், ஆனால் கை வலிக்கும். அகலமான ஆனிங்குக்கு அது வேண்டாம்.

மோட்டார் சத்தம் கேட்கிறது. ஆனால் விரிந்த ஆனிங் மூடவே இல்லை.

மோட்டாரின் சுழற்சியைக் குழாய்க்குக் கடத்தும் பிளாஸ்டிக் சக்கரம் உடைந்திருக்கலாம், அல்லது அதைக் குழாயோடு பிடித்திருக்கும் திருகு அறுந்திருக்கலாம். மூடிய ஆனிங் யாரும் தொடாமலே படாரென்று விரிந்தது என்றாலும் இதையே சந்தேகப்படுங்கள். கீழே மேசை நாற்காலி போடாதீர்கள், குழந்தைகளை விடாதீர்கள். இந்தப் பழுதைச் சொந்தமாகப் பார்க்க வேண்டாம்.

ஒரு பக்கம் மூடுகிறது, மறுபக்கம் சில சென்டிமீட்டர் இடைவெளி நிற்கிறது. வளைந்து வளைந்து சிக்குகிறது.

துணி இரண்டு பக்கமும் ஒரே அளவில் நீளாததுதான் பெரும்பாலும் காரணம். முழுக்க விரித்து, குழாயின் காடியில் துணி பக்கவாட்டில் நழுவியிருக்கிறதா என்று பாருங்கள். நழுவியிருந்தால் நடுவுக்கு நகர்த்தி, இரண்டு ஓரத்திலும் திருகு வைத்து நிறுத்த வேண்டும்.

நழுவவில்லை, துணிதான் ஒரு பக்கம் இழுபட்டுவிட்டது என்றால் ஒரு பழைய உத்தி கைகொடுக்கும். இடைவெளி நிற்கிற பக்கத்தில், குழாய்க்கும் துணிக்கும் நடுவே அதே வகைத் துணியில் 10 முதல் 15 செ.மீ. அகலத் துண்டு ஒன்றை வைத்துச் சுற்றவிடுங்கள். அந்தப் பக்கத்தில் சுற்றின் விட்டம் சற்றுக் கூடுவதால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் அதிகத் துணியை இழுத்துக்கொள்ளும். ஒரு துண்டு போதாவிட்டால் இன்னொன்று. மூன்றுக்கு மேல் தேவைப்பட்டால் பிரச்சினை துணியில் இல்லை; கையின் தோள் பிராக்கெட்டின் கோணம் மாறியிருக்கிறது, அல்லது சுவர் நங்கூரம் தளர்ந்திருக்கிறது. இலேசுக்கல் (ஏ.ஏ.சி. பிளாக்) சுவரில் சாதாரண ஃபாஸ்டனர் போட்ட இடங்களில் இது சகஜம். அங்கே கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை விட்டு ஒட்டவைக்கும் திருகு) போட்டு மறுபடி பிடிக்க வேண்டும். சுவர் பூச்சின் தடிமன் பிடிமானக் கணக்கில் சேராது என்பதையும் மறக்க வேண்டாம்.

மாட்டிய நாளிலிருந்தே முழங்கைகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன என்றால் அது அளவுப் பிழை. கைகள் மடங்க இடம் வேண்டும். ஆனிங்கின் அகலம், அது நீளும் அளவைவிட 40 முதல் 50 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். 3 மீட்டர் நீள வேண்டுமானால் குறைந்தது மூன்றரை மீட்டர் அகலம். குறுகிய இடத்துக்குக் கைகளை மேலும் கீழுமாகக் குறுக்கே மடக்கும் தனி அமைப்பு உண்டு, அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

மழைத்தண்ணீர் துணியில் குளமாகத் தேங்கிவிட்டது. மூடவும் முடியவில்லை.

மோட்டாரை ஓட்டாதீர்கள். நாலு குடம் தண்ணீரே 50 கிலோவை எட்டும். அந்த எடையோடு இழுத்தால் துணியின் தையல் அல்லது கை, ஏதாவது ஒன்று போகும். பக்கவாட்டில் நின்று, துடைப்பத்தின் அகலப் பக்கத்தால் குளத்தின் ஓரத்திலிருந்து மெல்லத் தூக்கி முன்பக்கமாக வடியுங்கள். நேர் கீழே நிற்கக் கூடாது, குச்சி முனையால் குத்தவும் கூடாது. வடிந்ததும் மூடலாம். ஈரத்தோடு மூடிய துணியை இரண்டு மூன்று நாளுக்குள் விரித்துக் காயவைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

தண்ணீர் தேங்குவதே சரிவு போதாததால்தான். மழைநீர் ஓட வேண்டுமானால் குறைந்தது 14 டிகிரி வேண்டும், அதாவது மீட்டருக்கு 25 செ.மீ. இறக்கம். 3 மீட்டர் நீண்டால் முன்பட்டை 75 செ.மீ. தாழ்ந்திருக்கும். வாசலில் தலை இடிக்கிறது என்று சரிவைக் குறைத்து மாட்டியிருந்தால், அந்த ஆனிங் வெயிலுக்கு மட்டும்தான். அதிலும் ஐப்பசி அடைமழையில் விரிக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

விரித்திருக்கும்போது கரண்ட் போய்விட்டது, காற்றும் கிளம்புகிறது. எப்படி மூடுவது?

மோட்டார் தலையில் கைப்பிடி வளையம் உள்ள வகை என்றால் கவலையில்லை, சுற்றி மூடுங்கள். கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் வளையம் இல்லாத மோட்டாரை வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. வளையம் இல்லாவிட்டால் வீட்டு இன்வெர்ட்டரில் ஒரு பாயின்ட் கொடுத்து வையுங்கள். இந்த மோட்டார்கள் பெரும்பாலும் 200 முதல் 300 வாட்டுக்குள் எடுக்கும். சைன்வேவ் இன்வெர்ட்டராக இருக்க வேண்டும். ஸ்கொயர்வேவில் மோட்டார் முனகிச் சூடாகும்.

இரண்டும் இல்லை, ஆனிங் தரைத்தளத்தில் சிறியதாக இருக்கிறது என்றால் மூன்று பேர் வேண்டும். இருவர், ஆனிங் கைகள் முன்பட்டையில் சேரும் இடங்களைப் பிடித்து ஒரே சமயத்தில் உள்ளே தள்ள, மூன்றாமவர் மடங்கிய கைகளைப் பெல்ட்டால் கட்ட வேண்டும். முழங்கைக்குள் விரல் போகக் கூடாது. தொங்கும் துணியை முன்பட்டையோடு சுருட்டிக் கட்டிவிடலாம். மாடியிலோ, இரண்டரை மீட்டருக்கு மேல் நீளும் ஆனிங்கிலோ இதை முயலாதீர்கள்.

காற்றைப் பற்றி ஒரு கணக்கு. ஐரோப்பியத் தரமான இ.என். 13561-இல் ஆனிங்குக்குரிய மூன்றாம் காற்று வகுப்பே மணிக்கு 49 கி.மீ. வரைதான், இரண்டாம் வகுப்பு 38 கி.மீ. இந்திய வானிலைத் துறை ஒரு காற்றழுத்தத் தாழ்வுச் சின்னத்தைப் புயல் என்று அறிவிக்கும்போது காற்று 62 கி.மீ.யைத் தொட்டிருக்கும். புயல் எச்சரிக்கை வந்ததும் மூடுவதோடு பெல்ட்டும் போட்டுவிடுங்கள். தென்காசி, பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய கோவைப் பக்கம் இருப்பவர்கள் ஆடிக்காற்றுக்கும் இதே கவனம் எடுக்க வேண்டும்.

முழுக்க மூடாமல் சிறு இடைவெளி விட்டு நிற்கிறது, இரண்டு பக்கமும் சமமாகத்தான் இருக்கிறது.

லிமிட் திருத்தம்தான். மோட்டார் தலையில் இரண்டு திருகுகள், அருகே அம்புக்குறி இருக்கும். மூடும் திசைக்குரியதைக் கூட்டல் பக்கம் கால் சுற்று திருப்பி, ஓட்டிப் பார்த்து, மறுபடி கால் சுற்று. முன்பட்டை பெட்டியில் தொட்ட பிறகும் மோட்டார் இழுத்துக்கொண்டிருந்தால் அளவு மீறிவிட்டது, உடனே திருப்புங்கள். எலக்ட்ரானிக் லிமிட் உள்ளவற்றுக்கு அந்தந்த மோட்டாரின் கையேட்டு முறைதான்.

மூட்டு கிறீச்சிடுகிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

வேண்டாம். தேங்காய் எண்ணெய், மெஷின் எண்ணெய், கிரீஸ் எல்லாமே தூசியைப் பிடித்து அரைமாவாக்கும். துணியிலும் போகாத கறை விடும். மூட்டைத் துடைத்துவிட்டு உலர் சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள், துணிமேல் படாமல் அட்டை பிடித்துக்கொண்டு. கைக்குள் ஓடும் ஸ்பிரிங், கம்பிவடத்துக்கு எதுவும் விட வேண்டியதில்லை.

கடலோரத்தில் இருப்பவர்கள் எண்ணெயைவிட நல்ல தண்ணீரை நம்பலாம். மாதம் ஒருமுறை சட்டத்தையும் திருகுகளையும் கழுவினால் உப்பு ஏறாது. அலுமினியத்தில் சாதாரண இரும்புத் திருகு போட்டிருந்தால், அந்தச் சேரும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்து, கடைசியில் மூட்டே இறுகிவிடும். 316 தர ஸ்டெயின்லெஸ் திருகுகளாக மாற்றுங்கள்.

மெக்கானிக்கை எப்போது அழைக்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும்?

கைக்குள் 'டங்'கென்று சத்தம் கேட்டு ஒரு பக்கம் துணி தொய்ந்துவிட்டால், கம்பிவடமோ ஸ்பிரிங்கோ அறுந்துவிட்டது. அதற்குமேல் இயக்கவே வேண்டாம். குழாய் வளைந்திருந்தாலும், பிராக்கெட் சுவரிலிருந்து பெயர்ந்திருந்தாலும் அப்படியே.

அழைக்கும்போது அகலம், நீளும் அளவு, மோட்டார் லேபிளின் படம், சுவர் எந்த வகை, எத்தனையாவது மாடி, விரிகிறதா மூடுகிறதா என்பதையெல்லாம் சொல்லிவிட்டால் ஒரே வருகையில் வேலை முடியும். கை மாற்ற வேண்டுமானால் இடக்கை, வலக்கை வேறு வேறு பாகங்கள். வீட்டுக்குள்ளிருந்து பார்த்து வலமா, தெருவிலிருந்து பார்த்து வலமா என்று சேர்த்தே சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் விட்டுத் தவறான கை வந்து இறங்குவது அடிக்கடி நடக்கிறது.